சட்டை கேட்டால் கட்டை

மைசூரு சரஸ்வதிபுரத்தில் நண்பர் வீட்டுத் திண்ணையில் டீ. "அம்மா, என் சட்டை எங்கே?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். "கட்டையா? எதுக்குடா?" என்று பதில் வந்தது. அவர் இன்னும் உரக்கக் கேட்டார். "ஏன்டா கத்தறே!" என்றார் அம்மா.

நண்பருக்குக் கோபம். அம்மா சொன்ன இரண்டுமே உண்மைதான் என்று விளக்க வேண்டியிருந்தது.

வயதாகும்போது காது ஒரே சீராக மந்தமாவதில்லை. உட்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள். அதன் வாசலருகே உள்ள நுண்மயிர் செல்கள்தான் கீச்சென்ற ஒலிகளைப் பிடிப்பவை. பெரும்பாலும் முதலில் தேய்வதும் அவைதான். உயிரெழுத்துகள் கனமான ஒலி, தப்பித்துவிடும். க, ச, த போன்றவற்றை அடையாளம் காட்டும் மெல்லிய உரசல்தான் நழுவும். இலக்கணத்தில் வல்லினம், கிழக்காதுக்கு அதுவே மெல்லினம்! கத்தினால் 'அட்டை' பெரிதாகிறது, முன்னால் உள்ள 'ச்' அப்படியே கிடக்கிறது. பழுதான காதுக்குச் சத்தம் கொஞ்சம் கூடினாலே வலியாகவும் தோன்றும்.

டிஜிட்டல் காது மெஷினின் சாமர்த்தியம் இங்கேதான். எந்தச் சுருதி குறைந்ததோ அதை மட்டும் தூக்கும். ஏற்கெனவே உரத்த ஒலியை அடக்கும். ஆனால் அதற்கு முதலில் காதை அளக்க வேண்டும். மைசூரு மானசகங்கோத்ரியில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருப்பது அதற்குத்தான். அங்கே பரிசோதித்து, மெஷினைப் போட்டுப் பார்த்துத் தேர்ந்து, காதுக்குள் பசை செலுத்தி அச்சும் எடுப்பார்கள். அச்சு பொருந்தாவிட்டால் ஒலி கசிந்து மைக்குக்கே திரும்பி, விசில் அடிக்கும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், கண்ணாடியோடு காது மெஷினையும் இலவசமாகத் தரும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரலில் நெல்லூரில் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் ஊன்றுகோல் கைக்கு வந்த அன்றே நடக்கலாம்; மெஷின் அப்படியல்ல. பல வருடம் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். மறுபடி சரிசெய்ய ஆளில்லாவிட்டால் அலமாரிக்குப் போய்விடும்.

"முதலில் அமைதியான அறையில், எதிரே உட்கார்ந்து, முகம் தெரியப் பேசுங்கள். கல்யாண மண்டபத்தில் ஆரம்பிக்காதீர்கள், மேளமும் பாத்திரச் சத்தமும் சேர்ந்து அடிக்கும்" என்றேன்.

நண்பர் டம்ளரை வைத்தார். "வர்ற வியாழக்கிழமைதான் சார், மச்சினன் கல்யாணம்."