அமெரிக்காவில் இடப்பக்கம் திரும்பும் சிக்னல்

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அதனால் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும் கார், எதிரே நேராக வரும் வண்டிகளின் பாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் வலப்பக்கம் திரும்பும்போது உள்ள அதே ஆபத்துதான்.

பச்சை அம்பு எரிந்தால் எதிர்த்திசைக்குச் சிவப்பு விழுந்திருக்கும், தாராளமாகத் திரும்பலாம். சிமிட்டாத மஞ்சள் அம்பு, நேரம் முடியப்போவதற்கான எச்சரிக்கை. சிவப்பு அம்புக்கு நிற்க வேண்டும்.

குழப்பம் வட்டப் பச்சையில்தான். திரும்ப அனுமதி உண்டு, ஆனால் முன்னுரிமை எதிரே வருபவருக்கே. ‘பச்சைதானே’ என்று நம்பித் திரும்புவது விபத்தில் முடியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே சிமிட்டும் மஞ்சள் அம்பு, 2009-இல் வெளியான அந்நாட்டுச் சாலைக்குறி விதிநூலில் இடம்பெற்றது. நல்ல மாற்றம் இது. அது சிமிட்டும்போது எதிர்வண்டிகளுக்கும் சாலையைக் கடப்பவர்களுக்கும் வழிவிட்ட பிறகே திரும்பலாம்.

எதிரே ஒரு லாரி திரும்பக் காத்து நின்றால், அதை ஒட்டி வேகமாக வரும் பைக் கண்ணில் படாது. பாதை தெளிவாகத் தெரியும்வரை பொறுக்க வேண்டும். காத்திருக்கும்போது முன்சக்கரங்கள் நேராகவே இருக்கட்டும். ஸ்டியரிங்கை முன்கூட்டியே ஒடித்து வைத்தால், பின்னால் ஒரு வண்டி இடித்ததும் கார் எதிர்ப்பாதைக்குள் போய்விடும்.