மணத்தைச் சிறை வைக்கும் வித்தை
பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

அந்தி சாயும் வேளையில் நொச்சித் தழையையும் வேப்பிலையையும் தணலில் இட்டுப் புகை மூட்டும் பழக்கம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. புகை இருக்கும்வரை கொசுத் தொல்லை குறையும். கலைந்ததும் பழைய கதைதான். தாவர எண்ணெய்களால் கொசுவை விரட்ட முயலும் விஞ்ஞானிகளுக்கும் இதே சங்கடம் உண்டு.

நாம் வெளிவிடும் கரியமில வாயு, உடலின் வெப்பம், வியர்வையின் வாடை ஆகியவற்றை அறிந்தே கொசு நம்மைத் தேடி வருகிறது. சில எண்ணெய்களின் நெடி அந்த மோப்பத்தைக் குழப்பிவிடும். அவற்றுள் பெயர் பெற்றது சிட்ரனெல்லா எண்ணெய். எலுமிச்சை மணமுள்ள ஒருவகைப் புல்லிலிருந்து நீராவியால் வடிக்கப்படும் இது, ஒரு காலத்தில் இலங்கையின் தென்பகுதியிலிருந்து ஏராளமாக ஏற்றுமதியாயிற்று. இதிலுள்ள சிட்ரனெல்லால் என்னும் பொருளின் மூலக்கூறில் பத்துக் கார்பன் அணுக்களே உள்ளன. சிறிய மூலக்கூறு ஆதலால் எளிதில் ஆவியாகும். ஆவியானால்தான் கொசு அதை உணரும். ஆவியாக ஆக எண்ணெயோ தீர்ந்துபோகும்! தோலில் பூசினால் பெரும்பாலும் இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவில் கட்டும் கொசுவலை அதனிடம் செல்லாது. காலையில் பூசிய எண்ணெய் இரண்டாம் பாடவேளைக்குள் பறந்துவிட்டால், மாலை மணி அடிக்கும்வரை வகுப்பில் இருக்கும் நமக்கு என்ன பயன்?

ஆகவே எண்ணெயைச் சிறு சிறு உறைகளில் அடைத்து வைக்கிறார்கள். ஜெல்லி செய்ய உதவும் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, எண்ணெயை அதில் நுண்துளிகளாகச் சிதறும்படி கலக்குவார்கள். பிறகு கருவேல இனத்து மரத்தின் பிசினைச் சேர்த்துச் சிறிது அமிலம் விடுவார்கள். அப்போது ஜெலட்டினும் பிசினும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று கவர்ந்து, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் படிந்துவிடும். குளிர வைத்தால் சுவர் இறுகும். கண்ணுக்குத் தெரியாத இந்த உறைகளைத் துணியில்கூட ஒட்டலாம். வேடிக்கை என்னவென்றால், இம்முறை 1950களில் அமெரிக்காவில் கார்பன் தாள் இல்லாமல் நகல் எடுக்கும் காகிதத்திற்காக உருவானது. கொசுவை அப்போது யார் நினைத்தார்கள்?

வேறு வழிகளும் உண்டு. மாவுப் பொருளிலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸ் அலகுகள் சேர்ந்த வளையம். அதன் குழியில் எண்ணெய் மூலக்கூறு பதுங்கிக்கொள்ளும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கரைசலை எண்ணெயுடன் கலந்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் அக்கணமே மணிகளாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆயினும் சுவர் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. மணம் மிக மெதுவாகக் கசிந்தால் கொசு அதைப் பொருட்படுத்தாது; வேகமாகக் கசிந்தால் பழைய தொல்லைதான். இந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

உறையே இல்லாமல் நீடிக்கும் பொருளும் ஒன்று உண்டு. எலுமிச்சை மணத் தைல மரத்தின் இலையிலிருந்து எண்ணெய் வடித்தபின் எஞ்சும் கழிவு, அந்த எண்ணெயைவிட நன்றாகக் கொசுவை விரட்டுவதைச் சீன விஞ்ஞானிகள் 1960களில் கண்டார்கள். அதிலுள்ள பி.எம்.டி. என்னும் பொருள் மெதுவாகவே ஆவியாவதால் பல மணி நேரம் பயன் தரும். 2005இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அதைப் பரிந்துரைத்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் அதைப் பூசக்கூடாது.