மவுண்டன் பைக் வாங்கும் முன் எக்ஸெல்லைத் திறங்கள்

சென்ற மாதம் என் அக்கா மகன் இரண்டு பி.டி.எப். பைல்களை அனுப்பியிருந்தான். "மாமா, ரெண்டு மவுண்டன் பைக் பார்த்து வெச்சிருக்கேன். எதை வாங்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்று ஒரு வரியும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து முதல் ஓராண்டில் அவன் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் இதில் போகப் போகிறது. ஒரு பைலின் முதல் பக்கத்தில் "12 கிலோ மட்டுமே" என்று பெரிய எழுத்தில் இருந்தது. மற்றதில் "130 மி.மீ. டிராவல்" என்று அதே அளவில் இருந்தது. அதன் எடை 14.5 கிலோ. விலை இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் இதழில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். கடையில் நாம் கேட்ட முதல் கேள்வி "எத்தனை கிகா ஹெர்ட்ஸ்?" என்பதுதான். பென்டியம் 4 சிப்பின் கடிகார வேகம் 3.8 கிகா ஹெர்ட்ஸ் வரை சென்றது. ஆனால் 2006ல் வந்த கோர் 2 டுயோ சிப்கள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் போன்ற குறைந்த வேகத்திலேயே அதை மிஞ்சின. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் முழுக் கதையையும் சொல்வதில்லை என்று அப்போது கற்றுக் கொண்டோம். மவுண்டன் பைக்கில் அப்படிப்பட்ட எண்கள் எடையும் டிராவலும். முழுக் கதை பைலின் கடைசிப் பக்கத்தில், பலரும் படிக்காத ஜியோமெட்ரி அட்டவணையில் இருக்கிறது. அதைப் படிக்க நம்மிடம் ஏற்கனவே உள்ள ஸ்பிரெட்ஷீட் போதும்.

எடை: எவ்வளவு முக்கியம்?

எடை குறைந்தால் மேடு ஏறுவது எளிது. இதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு எளிது என்பதுதான் கேள்வி. எக்ஸெல்லில் ஒரு சிறிய கணக்குப் போடுங்கள். ஓட்டுபவர், சைக்கிள் இரண்டின் மொத்த எடையைக் கிலோவில் எடுத்து 9.81ஆல் பெருக்குங்கள். ஏற வேண்டிய உயரத்தை மீட்டரில் எடுத்து அதனாலும் பெருக்குங்கள். வரும் விடையை நீங்கள் மிதிக்கும் திறனால், அதாவது வாட் கணக்கால், வகுங்கள். அந்த உயரத்தை ஏறுவதற்கு மட்டும் எத்தனை வினாடி ஆகும் என்று தெரியும். டயர் உராய்வும் காற்றும் இதில் சேரவில்லை.

எங்கள் பையனின் எடை 70 கிலோ. 150 வாட் திறனில் மிதித்து 300 மீட்டர் உயரம் ஏறுகிறான் என்று வைத்துக் கொள்வோம். 12 கிலோ சைக்கிளில் 26 நிமிடம் 49 வினாடி. 14.5 கிலோ சைக்கிளில் 27 நிமிடம் 38 வினாடி. வித்தியாசம் 49 வினாடி! பந்தயத்தில் 49 வினாடி மிகப் பெரிய இடைவெளி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நண்பர்களுடன் போகும்போது அது ஒன்றுமே இல்லை.

அந்த 2.5 கிலோவை எங்கே குறைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். மெல்லிய டயர், சிறிய பிரேக் டிஸ்க், குறைந்த டிராவல் என்று குறைத்திருந்தால், இறக்கத்தில் அதற்கான விலையை நாம்தான் கொடுப்போம். அமெரிக்காவின் சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் சொன்னதாக ஒரு கருத்து இந்தத் துறையில் பிரபலம்: உறுதி, குறைந்த எடை, மலிவு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும். மேலும் பல நிறுவனங்கள் பெடல் இல்லாமல் எடை போட்டுத்தான் அச்சிடுகின்றன. அடிக்குறிப்பைக் கவனியுங்கள்.

டிராவல்: அதிகம் என்றால் நல்லதா?

சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் நகரக் கூடிய மொத்தத் தூரமே டிராவல். 1989ல் ராக்ஷாக்ஸ் நிறுவனம் கொண்டு வந்த ஆர்.எஸ்.1 முன் போர்க்கில் இது 50 மி.மீ. அளவில்தான் இருந்தது. இன்று கிராஸ் கன்ட்ரி வகையில் 100 முதல் 120, டிரெயில் வகையில் 120 முதல் 150, என்டியூரோ வகையில் 160 முதல் 170, டவுன்ஹில் வகையில் 200 மி.மீ. என்பது பொதுவான அளவு.

டிராவல் கூடினால் பெரிய கல்லையும் நம் தவறையும் அது தாங்கிக் கொள்ளும். அதே சமயம் எடை கூடும். மிதிக்கும் சக்தியில் கொஞ்சம் அமுங்கி எழுவதிலேயே வீணாகும். இன்னொரு விஷயமும் உண்டு. டிராவலை மட்டும் தனியாக மாற்ற முடியாது. அதை மாற்றினால் சைக்கிளின் கோணங்கள் எல்லாம் மாறிவிடும். இதை நான் என் கைக்காசைச் செலவழித்துத்தான் தெரிந்து கொண்டேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பின்புறம் சஸ்பென்ஷன் இல்லாத, முன் போர்க் 100 மி.மீ. கொண்ட மவுண்டன் பைக் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் ராம் சேர்ப்பது போல டிராவலையும் சேர்த்து விடலாம் என்று நினைத்து, 130 மி.மீ. போர்க் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். இறக்கத்தில் சுகமாகத்தான் இருந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மண்பாதையில் செங்குத்தான மேடு ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. சமாளிக்க முடியாமல் பின்பக்கமாக விழுந்தேன். மூன்று வாரம் இடது கையால் டைப் செய்ய முடியவில்லை.

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 30 மி.மீ. நீளமான போர்க், சைக்கிளின் முன்பக்கத்தை ஏறத்தாழ 28 மி.மீ. உயர்த்துகிறது. இரு சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 1120 மி.மீ. ஆகவே முழு பிரேமும் சுமார் 1.4 டிகிரி பின்னால் சாய்ந்துவிட்டது. சீட் 17 மி.மீ. பின்னே போய், என் எடையும் பின் சக்கரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. பெடல் அச்சு 10 மி.மீ. அளவு மேலே ஏறியது. ஒரு போர்க்கை மாற்றினேன், வேறு சைக்கிளே வந்து நின்றது.

அதன் பிறகுதான் சைக்கிளோடு வந்த சிறு புத்தகத்தைத் திறந்தேன். இந்த பிரேமில் 120 மி.மீ.க்கு மேல் போர்க் பொருத்தக் கூடாது என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நீளமான போர்க் பிரேமின் கழுத்துப் பகுதியில் அதிகச் சுமையை ஏற்றும். அங்கே விரிசல் விட்டால் ஆபத்து. வாரண்டியும் கிடைக்காது. மேனுவல் படிக்காமல் பயாஸில் கை வைத்த கதைதான்!

ஜியோமெட்ரி அட்டவணையில் மூன்று எண்கள்

அட்டவணையில் இருபது வரிகள் இருக்கலாம். பயப்பட வேண்டாம். முதலில் மூன்றைப் பாருங்கள்.

ஹெட் ஆங்கிள்: ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய் தரையோடு செய்யும் கோணம். 1990களில் 71 டிகிரி வழக்கம். இன்றைய டிரெயில் பைக்குகளில் 65 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எண் குறையக் குறைய முன் சக்கரம் நமக்கு முன்னே தள்ளி நிற்கும். இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயம் குறையும்.

சீட் ஆங்கிள்: முன்பு 73 டிகிரி வழக்கம். இன்று 76 முதல் 78 டிகிரி வரை வந்துவிட்டது. எண் கூடினால் நாம் பெடலுக்கு நேர் மேலே அமர்வோம். மேடு ஏறும்போது முன் சக்கரம் தூக்காது. நான் கெடுத்துக் கொண்டது இதைத்தான்.

ரீச்: பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் குழாயின் உச்சி வரை கிடைமட்டத் தூரம். நின்று ஓட்டும்போது நமக்குக் கிடைக்கும் இடம் இதுவே. ஸ்பெயின் நாட்டு மோன்ட்ரேக்கர் நிறுவனம் 2013 மாடல்களில் ரீச்சை நன்றாக நீட்டி, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை மிகக் குட்டையாக்கியது. அன்று விசித்திரமாகப் பார்க்கப்பட்ட அமைப்பு, பின்னர் மிதமான அளவில் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

டிரெயில் கணக்கு

இனி எக்ஸெல் வேலை. உங்கள் கம்ப்யூட்டர் நாற்காலியின் சக்கரத்தைப் பாருங்கள். அது சுழலும் அச்சுக்குப் பின்னால் தரையைத் தொடுகிறது. அதனால்தான் நகர்த்தும் திசையில் தானே நேராகிறது. சைக்கிளின் முன் சக்கரமும் இப்படித்தான். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். மேலே சொன்ன டிரெயில் வகை சைக்கிளோடு இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

இதற்கான பார்முலா: சக்கரத்தின் ஆரத்தை ஹெட் ஆங்கிளின் கோசைனால் பெருக்குங்கள். போர்க்கின் ஆப்செட் அளவைக் கழியுங்கள். வருவதை அதே கோணத்தின் சைனால் வகுங்கள். 29 அங்குலச் சக்கரத்திற்கு டயரோடு சேர்த்து ஆரம் 370 மி.மீ. என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. எக்ஸெல் கோணத்தை டிகிரியில் எடுத்துக் கொள்ளாது. முதலில் ரேடியன்ஸ் என்ற பங்ஷன் மூலம் மாற்றிக் கொடுத்திட வேண்டும். நான் மறந்து போய் 66 என்று நேரடியாகக் கொடுத்தபோது டிரெயில் பதினைந்தரை மீட்டர் என்று வந்தது! இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே விதிதான்.

பையன் அனுப்பிய முதல் சைக்கிளில் ஹெட் ஆங்கிள் 69.5, ஆப்செட் 51 மி.மீ. டிரெயில் 84 மி.மீ. என்று வந்தது. இரண்டாவதில் கோணம் 66, ஆப்செட் 44. டிரெயில் 117 மி.மீ. முதலாவது சட்டென்று திரும்பும். இரண்டாவது கற்கள் நிறைந்த இறக்கத்தில் நேராக, அமைதியாக ஓடும். ஆனால் மெதுவாக மேடு ஏறும்போது ஹேண்டில்பார் கொஞ்சம் அலையும். சீட் ஆங்கிள் அதை ஈடுகட்டுகிறதா என்று உடனே பாருங்கள். இதில் 76 டிகிரி இருந்தது. முதலாவதில் 73தான்.

பந்தயக்காரர்கள் என்ன செய்தார்கள்?

கிராம் கணக்கில் எடை பார்ப்பவர்கள் கிராஸ் கன்ட்ரி வீரர்கள். அவர்களுக்காக ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தயாரிக்கும் எபிக் சைக்கிளை எடுத்துக் கொள்வோம். 2021 மாடலில் 100 மி.மீ. டிராவலும் 67.5 டிகிரி ஹெட் ஆங்கிளும் இருந்தன. 2024ல் வந்த எபிக் 8ல் முன்னும் பின்னும் 120 மி.மீ., கோணம் 66 டிகிரி அளவு. எடையைத் துறக்கவில்லை. ஆனால் எடைக்காக மற்ற இரண்டையும் பலி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வாங்கும் முன்

முதலில் நீங்கள் ஓட்டப் போகும் பாதையை முடிவு செய்திடுங்கள். பெரும்பாலும் தார்ச்சாலை, மட்டமான மண்சாலை என்றால் எடை குறைந்த, 100 மி.மீ. சைக்கிளே சரி. கல்லும் இறக்கமும் உள்ள பாதை என்றால் ஜியோமெட்ரியை முதலில், டிராவலை அடுத்து, எடையைக் கடைசியில் பாருங்கள். இரண்டு சைக்கிள்களின் அட்டவணைகளையும் ஒரே ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் டைப் செய்து ஒப்பிடுங்கள். பிறகு கடைக்குப் போய், ஒரு முறையாவது ஏறி ஓட்டிப் பாருங்கள்.

பையனுக்கு இந்த ஷீட்டை அனுப்பி வைத்தேன். "ரெண்டரைக் கிலோ அதிகமாச்சே மாமா" என்று தயங்கினான். 49 வினாடி உள்ள செல்லை மஞ்சள் நிறமாக்கி மீண்டும் அனுப்பினேன். இரண்டாவது சைக்கிளைத்தான் வாங்கியிருக்கிறான். போர்க்கை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.