கை பழகும் கலைகள் – 14: நிற்க ஓர் இடம்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஹூட் என்றோர் எரிமலை இருக்கிறது. உயரம் 3,429 மீட்டர். அதன் தெற்குச் சரிவில் 1937இல் திறப்புவிழா கண்ட டிம்பர்லைன் விடுதி. விடுதிக்கு மேலே பாமர் பனிவெளி. கீழே ஊர்கள் வெயிலில் காயும் ஜூலையிலும் அந்தப் பனிவெளி உருகித் தீர்வதில்லை. அதனால்தான் 1980களின் கடைசியிலிருந்து, ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு பழகும் கோடை முகாம்கள் அந்த மலையை நம்பி நடந்துவருகின்றன. மேல்பனி இறுகி நிற்க உப்புத் தூவுகிறார்கள். அப்படியும் நண்பகலைத் தாண்டினால் பனி சொதசொதத்துவிடும். ஆகவே காலையிலேயே லிஃப்டில் மேலே போய், மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிட வேண்டும்.

ஸ்னோபோர்டில் தாவப் பழகுகிறவர்களின் கூடவே, தாவுகிறவர்களைப் படமெடுக்கப் பழகுகிறவர்களும் இந்த மலைக்கு வந்தார்கள். வந்ததற்கு நியாயம் இருக்கிறது. நடுக்குளிர்காலத்து மலையில் ஒரு வீரர் புதுப்பனியில் ஒருமுறை தாவினால் அந்த இடத்தில் தடம் விழுந்துவிடும். அதே இடத்தில் அதே படம் மறுபடி கிடைக்காது. முகாமிலோ வெட்டிச் செதுக்கிய ஒரே பனிமேடையில் காலை முழுக்க ஒருவர் பின் ஒருவராகத் தாவிக்கொண்டே இருப்பார்கள். தவறவிட்டதை அடுத்த நிமிடமே திரும்பப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர், "இன்னும் நாலடி கீழே போய் நில்" என்று சொன்னால், போய் நின்று, என்ன மாறியது என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். கை பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுத் தொடங்கும் வகுப்பே நல்ல வகுப்பு என்பேன். மேடையின் ஓரமாக நின்று சும்மா பார்க்க வேண்டும். எங்கே கால் மடங்குகிறது, எங்கே உடல் முறுக்கேறுகிறது, மேடை விளிம்பை விட்டு வெளியேறும் கணத்தில் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். தோள் போகும் பக்கம்தான் உடல் சுழலும். பந்து மட்டையில் படுமுன்பே கால் நகரும் ஸ்லிப் ஃபீல்டரைப்போல, படமெடுப்பவரும் வீரரின் உடலை முன்கூட்டியே படிக்க வேண்டும். பலகை மேலே போன பிறகு முடிவெடுக்க நேரமில்லை.

எவ்வளவு நேரம் இருக்கிறது? விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் உயரம் எழும்பி, அதே மட்டத்துக்குத் திரும்பி வர ஏறத்தாழ ஒன்றரை விநாடி. அதற்குள் எழுவது, பலகையைக் கையால் பிடிப்பது, சுழல்வது, பிடியை விடுவது, இறங்கத் தயாராவது எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஆனால் புவியீர்ப்பு ஒரு சலுகை தருகிறது. உச்சியைத் தொடும் கணத்தில் மேல்நோக்கிய வேகம் அற்றுப்போகிறது. உச்சிக்கு முன்னும் பின்னும் பத்தில் ஒரு விநாடிக்குள் வீரர் உயரத்தில் 5 சென்டிமீட்டர்தான் மாறுகிறார். அரைக்குழாய் வடிவில் பனியில் வெட்டும் ஹாஃப்பைப்பில் இது இன்னும் நன்றாகத் தெரியும். இன்றைய ஒலிம்பிக் ஹாஃப்பைப்பின் சுவர் 6.7 மீட்டர் உயரம். அதிலிருந்து கிட்டத்தட்ட நேர்மேலே எழுபவர் உச்சியில் ஒரு கணம் காற்றில் நின்றுவிட்டதாகவே தோன்றும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஹாஃப்பைப் நல்ல பள்ளிக்கூடம். உச்சியை அடையாளம் காணக் கண்ணுக்கு அங்கேதான் சீக்கிரம் பழகும்.

அடுத்த பாடம், வீரரின் எந்தப் பக்கம் நிற்பது. இதை ஒருவர் கூட நின்று காட்டாமல் கற்பது கடினம். இடக்காலை முன்வைத்துச் சறுக்குகிறவர்களை 'ரெகுலர்' என்றும், வலக்காலை முன்வைப்பவர்களை 'கூஃபி' என்றும் சொல்வார்கள். ரெகுலர் வீரரின் மார்பு, அவர் போகும் திசைக்கு வலப்பக்கம் பார்த்திருக்கும். அவர் பின்கையால் கால்விரல் பக்கத்து விளிம்பைப் பிடித்தால் அது 'இண்டி'. வலப்பக்கம் நிற்பவருக்கு முகம், கை, பலகை மூன்றும் தெரியும். குதிகால் பக்கத்தைப் பின்கையால் பிடிக்கும் 'ஸ்டேல்ஃபிஷ்' என்றால் பிடித்த கை முதுகுப்பக்கம் நிற்பவருக்குத்தான் தெரியும். முன்கையால் குதிகால் பக்கத்தைப் பிடித்து, முழங்கால் மடங்க, பலகையை முதுகுக்குப் பின்னால் தூக்கி உடலை வில்லாக வளைப்பது 'மெத்தட்'. ஸ்னோபோர்டில் இதைவிட அழகான ஒன்று இல்லை என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். மெத்தட்டைத் தவறான பக்கத்திலிருந்து எடுத்தால், ஒருவர் காற்றில் தடுமாறி விழுகிறார் என்றே படம் பார்ப்பவர் நினைப்பார். வீரர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த நளினம் முழுவதும் படமெடுத்தவர் நின்ற இடத்தால் பாழாகும்.

ஆகவே தாவுமுன் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள், எந்தப் பக்கம் சுழல்வீர்கள், எங்கே இறங்குவீர்கள் என்று கேட்க வேண்டும். வீரர் மேலே தயாரானதும் "ட்ராப்பிங்!" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகு படமெடுப்பவர் நகரக் கூடாது. ஃபோகஸை மேடை விளிம்பிலேயே முன்கூட்டிப் பூட்டி வைப்பது பழைய முறை. நகர்வைத் தொடரும் இன்றைய ஆட்டோஃபோகஸ் அந்த வேலையை மிகவும் எளிதாக்கிவிட்டது. ஆனால் பேச்சை எந்தக் கருவியும் எளிதாக்கவில்லை.

இனி, படச் சட்டத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது. நீளமான லென்ஸைப் பிடித்து நீல வானத்தில் வீரரை மட்டும் பெரிதாக எடுக்கத்தான் எல்லோருக்கும் முதலில் கை போகும். அது வெறும் ஆடை விளம்பரம். அவர் தரையிலிருந்து ஓரடி எழுந்தாரா, முப்பதடி எழுந்தாரா என்பது அதில் இல்லை. எழும்பிய விளிம்பும் இறங்கப்போகும் சரிவும் சட்டத்துக்குள் இருந்தால்தான் அந்தத் தாவலின் உண்மை அளவு தெரியும். ஸ்வீடனின் வடகோடியில் ரிக்ஸ்கிரான்சன் என்ற ஊர். 1996இல் அங்கே ஒரு பனிச்சுவரிலிருந்து இங்கேமர் பாக்மன் எழுந்த அந்தத் தாவலை ஸ்னோபோர்டு உலகம் இன்னும் பேசுகிறது. கீழே சுவர், அதற்கு மேலே வெகு உயரத்தில் அவர். சுவரை வெட்டிவிட்டால் அந்தப் படத்தில் ஒன்றுமே மிஞ்சாது.

நேர் எதிரான வழியும் உண்டு. மீன்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு விளிம்புக்கு மிக அருகில், கையெட்டும் தூரத்தில் படுத்துக்கொள்வது. பலகை தலைக்கு மேலே பறக்கும். இதைப் பழகுவதற்கு வீரரின் நம்பிக்கையைப் பெற்றிருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் உயிரை ஒப்படைக்கும் காரியம் அது.

கேமராவின் கணக்குகள் ஒரு பகலில் படிந்துவிடும். பனிதான் கொஞ்சம் படுத்தும். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கிக் கொடுக்கும். அதனால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் கூட்டி வைக்க வேண்டும். மேகமில்லாத காலையில், பனி நடுவே, ஐஎஸ்ஓ 100இல் எஃப் 5.6, ஷட்டர் 1/1600 என்று கையால் வைத்துத் தொடங்கலாம். ஷட்டர் ஏன் அவ்வளவு வேகம்? மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வீரர் விநாடிக்கு 14 மீட்டர் கடக்கிறார். 1/250 விநாடிக்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். கையுறையின் விரல்கள் கலங்கிப்போகும். 1/1600இல் நகர்வு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. அந்தி சாய்ந்தபின் கதை வேறு. பெரும்பாலான கேமராக்களில் சாதாரண முறையில் ஃபிளாஷோடு சேர்ந்து ஷட்டர் 1/250 வரைதான் ஓடும். ஆனால் சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது வீரரை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, ஃபிளாஷின் மின்னல். நகரத்துப் படிக்கட்டுக் கைப்பிடிகளில் இரவில் சறுக்குவோரின் படங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

பேட்டரியை உடலோடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும், குளிரில் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். லென்ஸில் பனித்துகள் விழுந்தால் வாயால் ஊதக் கூடாது, மூச்சின் ஈரம் அங்கேயே உறையும். வெதுவெதுப்பான அறைக்குள் போகுமுன் கேமராவைப் பையிலிட்டு இறுக மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இவை இப்படிச் சொல்லிக் கடக்கக்கூடியவை.

சொல்லிக் கடக்க முடியாதது, தொடர்படம். ஒரு தாவலின் எல்லாக் கட்டங்களையும் ஒரே தாளில் வரிசையாகக் காட்டுவது. 1878இல் பாலோ ஆல்டோவில் ஈட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகப் 12 கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையின் கால்களைப் பிடித்தாரே, அதே வேட்கைதான். 2000இல் வந்த கேனன் இஓஎஸ்-1வி ஃபிலிம் கேமரா, கூடுதல் பேட்டரிப் பகுதியோடு விநாடிக்கு 10 படம் எடுத்தது. 36 படச் சுருள் நாலு விநாடிகூடத் தாங்காது. இன்று அதைவிட மும்மடங்கு வேகக் கேமராக்கள் இருக்கின்றன. அதனால் பழகுகிறவர்கள், பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், நல்லது அதற்குள் எப்படியும் வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். விநாடிக்குப் 10 படம் என்றால் இரண்டு படங்களுக்கு நடுவில் நமது வீரர் 1.4 மீட்டர் பறந்திருப்பார். பிடி இறுகி, உடல் முழுதாக வளைந்து நிற்கும் அந்தக் கணம் அந்த இடைவெளிக்குள் நழுவிவிட இடமிருக்கிறது. ஒரே ஒரு படம் என்ற கட்டுப்பாட்டோடு பழகுகிறவருக்குத்தான் கணத்தைத் தேர்ந்தெடுக்கும் விரல் அமையும். முகாமில் கிடைக்கும் முடிவில்லாத வாய்ப்புகளுக்கு நடுவே, ஒரு வீரருக்கு ஒரு படம் என்று விதி போட்டுப் பழக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்தத் தொழிலுக்கு ஒரு நேர்மையும் உண்டு. ஸ்கேட்போர்டு இதழ்களில் வேரூன்றி ஸ்னோபோர்டுக்கும் வந்த வழக்கம் அது. வீரர் சரியாக இறங்காத தாவலின் படத்தை வெளியிடுவதில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் எடுத்த படம் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லாது. கீழே விழுந்தவரும் காற்றில் இருக்கும்போது கம்பீரமாகவே இருப்பார். அதைப் பிறருக்குக் காட்டாமல் ஒதுக்குவது எடுத்தவரின் மனசாட்சி. வீரர் எழுந்து மறுபடி மேலே ஏறுவார். படமெடுப்பவரும் குளிரில் காத்து நிற்பார். இந்த வழக்கத்தை எந்தக் கையேட்டிலிருந்தும் கற்க முடியாது. கூட நிற்கும் மூத்தவர் நல்ல படம் ஒன்றைத் தயங்காமல் அழிப்பதைப் பார்த்துத்தான் கற்க முடியும்.

அந்த மூத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலான ஸ்கீ மலைகள் ஸ்னோபோர்டை உள்ளே விடவில்லை. 1983இல் கலிஃபோர்னியாவின் சோடா ஸ்பிரிங்ஸில் ஸ்னோபோர்டு முன்னோடி டாம் சிம்ஸ் போட்டி நடத்தியபோது ஹாஃப்பைப் என்பதே புதுமை. அந்தக் காலத்தில் படமெடுத்தவர்கள் தாங்களும் சறுக்கிய நண்பர்கள். 1987இல் டிரான்ஸ்வேர்ல்டு ஸ்னோபோர்டிங் இதழ் வந்த பிறகு, இதழின் பட ஆசிரியரே பலருக்குக் குருவானார். ஸ்லைடுகளை ஒளிமேசையில் பரப்பி, உருப்பெருக்கியால் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று ஒதுக்கிய கண் அது. 2019இல் அந்த இதழின் அச்சுப் பதிப்பு நின்றது. படங்கள் இன்று முன்னைவிடப் பல மடங்கு வெளிவருகின்றன. ஒதுக்கிச் சொல்லித்தரும் அந்தக் கண்தான் குறைந்துவிட்டது. மலையில் கூட நின்று கற்பிப்பவர்களின் தேவை இதனால் கூடியிருக்கிறது என்பதே என் எண்ணம்.

கோடை முகாமில் கற்க முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. கிரெய்க் கெல்லி நான்கு முறை உலக சாம்பியன். புகழின் உச்சியில் போட்டிகளை விட்டுவிட்டு, ஆளில்லா மலைகளின் புதுப்பனியைத் தேடிப்போனார். கேமராவும் அவர் பின்னே அங்கே போனது. பின்னாளில் மலை வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 2003 ஜனவரி 20ஆம் தேதி, கனடாவில் ரெவல்ஸ்டோக் அருகே பனிச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். வயது 36. மலையை அவரளவு படித்தவர்கள் குறைவு.

புதுப்பனிச் சரிவில் படமெடுப்பவர் பெரும்பாலும் வீரருக்குக் கீழேதான் நிற்கிறார். சரிவு பிளந்தால் அது வந்து சேரும் இடமும் கீழேதான். படத்துக்கு எது நல்ல இடம் என்ற கேள்விக்கு முன்னால், பனி பெயர்ந்து வந்தால் எந்த வழியாக வரும் என்ற கேள்வி வருகிறது. பக்கவாட்டு மேட்டிலோ எதிர்ச்சரிவிலோ நின்று நீளமான லென்ஸில் எடுத்தால் அழகு சற்றுக் குறையலாம், குறையட்டும். குளிர்காலப் பயிற்சி ஒவ்வொன்றிலும், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி மூன்றும் கேமராவுக்கு முன்பே பைக்குள் போகின்றன. பயிற்றுநர் ஒரு சமிக்ஞைக் கருவியைப் பனிக்குள் புதைத்துவிட்டு, மாணவர்களைத் தேடச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்து நிற்பார். புதையுண்டவர்களில் முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பிழைப்பவர்கள் குறைவு. மாணவர்கள் கருவியைத் தோண்டி எடுத்து நேரத்தைக் குறித்ததும், வேறோர் இடத்தில் அதை மறுபடி புதைக்கிறார்கள்.

அடுத்த வாரம், அலைக்குள் நீந்திப் போய்ப் படமெடுப்பவர்களைத் தேடி ஹவாயின் ஓவாஹூ தீவுக்கு.

(தொடரும்)