பங்குக் கிணறும் மெய்நிகர்க் கணினியும்

வீட்டிலே கணினி ஒன்றுதான் இருக்கிறது. தந்தையார் அதிலே கடைக் கணக்கு எழுதுகிறார். மூத்த மகள் பல்கலைக்கழகத்திற்குரிய கட்டுரைகளைத் தயாரிக்கிறாள். உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் இளைய மகனோ, லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை அதில் நிறுவிப் பார்க்கவேண்டுமெனத் துடிக்கிறான். "தம்பி, அதிலே கை வையாதே! கணக்கெல்லாம் அழிந்துபோனால் நான் என்ன செய்வேன்?" என்று தந்தையார் தடுக்கிறார்.

தந்தையாரின் அச்சம் நியாயமானது. மைந்தனின் ஆவலும் நியாயமானதே. பிழை விடாமல் எவரும் ஒரு தொழிலைக் கற்றதில்லை. ஆனால், பிழை விட்டுப் பழகுவதற்குக் குடும்பத்தின் கணக்குப் புத்தகமா கிடைத்தது? இவ்விருவரையும் ஒருங்கே திருப்தி செய்யும் வழியொன்று உண்டு. ஒரு கணினிக்குள்ளே இன்னொரு கணினியைப் படைத்து, அதை மைந்தனிடம் கொடுத்துவிடுவதே அவ்வழி. இங்ஙனம் படைக்கப்படுவதற்கு மெய்நிகர்க் கணினி என்று பெயர். இரும்பும் கம்பியும் இல்லாத கணினி அது. எனினும், அதனுள் ஓடும் மென்பொருள் தான் ஓர் உண்மைக் கணினியிலே ஓடுவதாகவே எண்ணிக்கொள்கிறது.

ஒரு கிணறு, பல பங்காளிகள்

இது மாயவித்தை போலத் தோன்றலாம். ஆனால், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதன் தத்துவம் புதிதன்று. அங்கே பங்குக் கிணறு என்பது ஒன்றுண்டு. கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். அவரவர் பங்கு காணி உறுதியிலே எழுதப்பட்டிருக்கும். முறை வைத்து இறைப்பர். தன்னுடைய முறை வந்தபோது கிணறு முழுவதும் ஒருவனுக்கே சொந்தம். முறை முடிந்ததும் அடுத்தவனுக்கு. தோட்டங்களோ வேலியால் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே கிடக்கும்.

கணினியின் மூளையாகிய முறைவழியாக்கியே இங்கு கிணறு. நினைவகமும் வன்தட்டும் வேலியிட்டுப் பிரித்த நிலங்கள். யாருக்கு எப்பொழுது முறை, எவருடைய எல்லை எதுவரை என்பவற்றைக் கவனிக்கும் அதிகாரி ஒருவன் வேண்டுமல்லவா? அவ்வதிகாரியும் ஒரு மென்பொருளே. அதனை ஹைப்பர்வைசர் என்பர். ஒரு கணத்தின் மிகச் சிறு கூறுதோறும் அது முறை மாற்றிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு பங்காளியும் கணினி முழுவதும் தனக்கே உரியதென்று மயங்கியிருக்கிறான்.

பதினான்கு பேர் குடியிருந்த யந்திரம்

இவ்வெண்ணம் நேற்றோ இன்றோ உதித்ததன்று. அந்நாளிலே கணினி ஒரு பெரிய அறையை நிரப்பும் யந்திரம். அதன் விலையோ தனிமனிதர் நினைத்தும் பார்க்க முடியாதது. அத்தகைய யந்திரத்தை ஒருவர் உபயோகிக்க மற்றவர் காத்திருப்பது பெருநட்டமாயிற்று. ஒரே காலத்திற் பலர் உபயோகிக்கும் முறையைக் காண அறிஞர் பலர் முயன்றனர். 1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் இத்தகைய பெருந்திட்டம் ஒன்றிற்கு ஐ.பி.எம். கம்பனியின் யந்திரத்தைத் தவிர்த்து ஜெனரல் இலெக்ரிக் கம்பனியின் யந்திரத்தைத் தெரிந்தெடுத்தது. ஐ.பி.எம். கம்பனிக்கு இஃது ஒரு பெருந் தோல்வி.

அத்தோல்வியால் மனந் தளராத சிலர், அதே கேம்பிறிட்ஜ் நகரில் இயங்கிய ஐ.பி.எம். விஞ்ஞான நிலையத்திலே வேலையைத் தொடங்கினர். ரொபேட் கிறீசி என்பவர் அக்குழுவிற்குத் தலைமை தாங்கினார். பலருக்கு ஒரு கணினியைப் பகிர்ந்தளிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியின் தோற்றத்தையே அளித்துவிட்டால் என்ன என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனாகத் தோன்றிய சீ.பி.-40 என்னும் கட்டுப்பாட்டு நிரல் 1967ஆம் ஆண்டு ஜனவரியில் நாளாந்த உபயோகத்திற்கு வந்தது. ஒரே யந்திரத்தினுள்ளே 14 மெய்நிகர்க் கணினிகள் வரை குடியிருந்தன. 1972ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பனி இவ்வழியில் வந்த வீ.எம்./370 என்பதை உலகிற்கு அறிவித்தது.

ஈராண்டு கழித்து, 1974இல், ஜெரால்ட் பொபெக், ரொபேட் கோல்ட்பேர்க் என்னும் இரு அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். மெய்நிகர்க் கணினிக்கு மூன்று இலக்கணங்களை அவர்கள் வகுத்தனர். உள்ளே ஓடும் நிரல், உண்மைக் கணினியில் நடப்பது போலவே நடத்தல் வேண்டும். அதன் பெரும்பகுதி இடையீடின்றி நேரடியாக முறைவழியாக்கியிலேயே ஓடுதல் வேண்டும். வளங்கள் யாவும் அதிகாரியின் முழுக் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் மாணவர்கள் இன்றும் இவ்விலக்கணத்தையே கற்கிறார்கள்.

மேசைக் கணினிக்கு வந்த கதை

பின்னர் மேசைமீது வைக்கும் மலிவான கணினிகள் பெருகின. ஆளுக்கொரு கணினி கிடைக்கத் தொடங்கியதும் பகிர்ந்துகொள்ளும் எண்ணம் பின்தள்ளப்பட்டது. மேலும், அக்கணினிகளிலிருந்த இன்ரெல் வகை முறைவழியாக்கிகள் மேற்கூறிய இலக்கணத்திற்கு அமையவில்லை. அதிகாரிக்குத் தெரியாமலே நடந்தேறக்கூடிய 17 கட்டளைகள் அவற்றில் இருந்தன. வேலியிலே பதினேழு பொட்டுகள் இருந்தாற் போன்ற நிலை அது!

1998ஆம் ஆண்டில் டயன் கிறீன் அம்மையாரும், அவருடைய கணவரான ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மெண்டல் றோசன்புளூமும், வேறு மூவரும் சேர்ந்து வீ.எம்.வெயர் என்னும் கம்பனியைத் தொடங்கினர். தொல்லை தரும் கட்டளைகளை ஓடுவதற்கு முன்னரே கண்டறிந்து, தீங்கற்ற கட்டளைகளாக மாற்றிவிடுவது அவர்கள் கையாண்ட உபாயம். அடுத்த ஆண்டிலேயே சாதாரண மேசைக் கணினியில் மெய்நிகர்க் கணினி ஓடிற்று. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஸென் என்னும் இலவச ஹைப்பர்வைசரை வெளியிட்டனர். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய கம்பனிகள் முறைவழியாக்கியினுள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. பொட்டுகள் அடைபட்டன.

வீட்டிலே செய்து பார்க்கும் முறை

இனி, நம் மாணவன் செய்யவேண்டியது யாது?

முதலில், கணினியில் மெய்நிகராக்க வசதி திறந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். விண்டோஸ் கணினியாயின், டாஸ்க் மனேஜரின் செயற்றிறன் பக்கத்திலே இது காட்டப்படும். மூடியிருந்தால், கணினி தொடங்கும்போது பயோஸ் அமைப்பிற்குட் சென்று திறந்துவிடலாம். அடுத்து, ஒரக்கிள் கம்பனி இலவசமாக வழங்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற ஒரு மென்பொருளை நிறுவுக. பின்னர் லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பை அதனை வெளியிடுவோரின் சொந்தத் தளத்திலிருந்து பெற்றுக்கொள்க.

பங்கீட்டிலே பேராசை கூடாது. கணினியில் 8 கிகாபைற் நினைவகம் இருப்பின், விருந்தாளிக் கணினிக்கு 2 அல்லது 3 கிகாபைற் கொடுத்தாற் போதும். பாதிக்கு மேற் கொடுத்தால் வீட்டுக்காரனே மூச்சுத் திணறுவான். இதனால், நினைவகம் அதிகம் வேண்டாத இலகுவான லினக்ஸ் வகையைத் தெரிவு செய்தல் நன்று. வன்தட்டிற்கு 25 கிகாபைற் என்று குறிப்பிடலாம். அவ்வளவும் உடனே பிடிக்கப்படுவதில்லை. தேவைக்கேற்ப வளரும் ஒரு கோப்பாகவே அது தந்தையாரின் தட்டில் இருக்கும்.

நிறுவும்போது ஓரிடத்திலே, "வன்தட்டு முழுவதும் அழிக்கப்படும், சம்மதமா?" என்ற வினா எழும். மாணவனின் நெஞ்சு திடுக்கிடும் இடம் இதுதான். அந்த வினாவிற் குறிக்கப்படுவது அந்த ஒரு கோப்பினுள் இருக்கும் மெய்நிகர்த் தட்டு மாத்திரமே. ஆனால், வினா தோன்றுவது மெய்நிகர்க் கணினியின் சாளரத்தினுள்ளேதானா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து உறுதி செய்த பின்னரே சம்மதம் கொடுத்தல் வேண்டும்.

எல்லாம் செவ்வனே அமைந்ததும், ஸ்நப்ஷொட் என்னும் நிலைப்பதிவு ஒன்றை எடுத்து வைக்க. அஃது அக்கணத்துக் கணினியை அப்படியே நிறுத்திவைக்கும் படம். பின்னர் முக்கிய கோப்புகளை அழித்துப் பார்க்கலாம். அமைப்புகளைக் குலைத்துப் பார்க்கலாம். கணினி எழுந்திருக்க மறுத்தால், பழைய நிலைப்பதிவிற்குத் திரும்பச் சில நிமிடங்கள் போதும். பிழை விடுவதற்கு இத்துணைச் சுதந்திரம் நம் தலைமுறைக்கு எங்கே கிடைத்தது!

ஓர் எச்சரிக்கை. இரு கணினிகளுக்கும் பொதுவான கோப்புறை ஒன்றை ஏற்படுத்தும் வசதி உண்டு. அது வேலியிலே நாமே வைக்கும் கடப்பு. கடைக் கணக்கு உள்ள கோப்புறையை ஒருபொழுதும் அவ்வாறு திறந்துவிடலாகாது.

வாடகைக்குக் கிடைக்கும் கணினி

வீட்டுக் கணினியிலே நடப்பதே உலகளாவிய முறையிற் பெருகியபொழுது முகிற் கணிமை எனப் பெயர் பெற்றது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அமேசன் கம்பனி ஈ.சீ.2 என்னும் சேவையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. ஸென் ஹைப்பர்வைசரின் மீது அமைந்த மெய்நிகர்க் கணினியொன்றை, மணித்தியாலத்திற்கு அமெரிக்க நாணயத்தில் 10 சதம் வாடகைக்கு எவரும் பெறலாமென அது அறிவித்தது. 1960களிலே பெருங் கம்பனிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மாத்திரம் வாய்த்த வசதி, ஒரு மாணவனின் கைச்செலவுக்குள் அடங்கிவிட்டது.

வாடகைக் கணினி எடுப்போர் நான்கு விடயங்களைத் தீர்மானிக்க வேண்டும். எந்தப் பணிசெயல் முறைமை, எவ்வளவு நினைவகம், எந்த நாட்டு நிலையம், யார் உள்ளே வரலாம் என்பனவே அவை. இலங்கையிலிருப்போர் மும்பாயையோ சிங்கப்பூரையோ தெரிவு செய்தால் தாமதம் குறையும். நுழைவாயிலைத் தேவையான அளவிற்கு மாத்திரம் திறந்து, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பை உபயோகிப்பது பாதுகாப்பானது.

வாடகைக் கார் வாசலிலே காத்து நின்றாலும் மீற்றர் ஓடும். முகிற் கணினியும் அத்தகையதே. நிறுத்திவைத்த கணினியின் தட்டிற்குக் கட்டணம் தொடர்ந்து ஏறும். முற்றாக நீக்கினாலன்றி அது நில்லாது. ஆகவே, செலவு எல்லை மீறும்போது மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாட்டை முதல் நாளிலேயே செய்துகொள்ள வேண்டும். தந்தையாரின் கடனட்டையைக் கொடுத்துப் பதிவு செய்யும் மாணவர் இதனை மறத்தலாகாது.

வேலியும் நிலமும்

மெய்நிகர்க் கணினியின் மதில் உறுதியானதே, ஆயினும் உடையாததன்று. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், வெனம் எனப் பெயரிடப்பட்ட குறைபாடொன்று வெளிப்பட்டது. நஞ்சு என்பது அச்சொல்லின் பொருள். கியூ.ஈ.எம்.யூ. என்னும் மென்பொருளிலே, பழைய நெகிழ்வட்டுச் சாதனத்தைப் போல நடிக்கும் சிறு பகுதியில் அது 2004 முதல் ஒளிந்திருந்தது. நெகிழ்வட்டு வழக்கொழிந்து பல்லாண்டு கடந்தும் அப்பகுதி நீக்கப்படாதிருந்தது. அதன் வழியாக விருந்தாளி மதிலை ஏறிக் கடந்து வீட்டுக்காரனிடத்திற்கே வந்துவிடக்கூடும்! திருத்தம் உடனே வழங்கப்பட்டது. வேண்டாத சாதனங்களை நீக்குக, ஹைப்பர்வைசரைக் காலந்தவறாமற் புதுப்பிக்குக என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

மற்றொரு பாடத்தை நெருப்புப் புகட்டியது. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி, பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓ.வீ.எச். கம்பனியின் கணினி நிலையம் தீப்பற்றியது. ஒரு கட்டடம் முற்றாக எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், காப்புப் பிரதிகளையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோர் பலர் தம் தகவல்களை என்றென்றைக்குமாக இழந்தனர். முகில் என்ற பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அது வானத்தில் இல்லை. நிலத்தின்மீது, ஒரு கட்டடத்தினுள்ளே, எரியக்கூடிய யந்திரங்களில் இருக்கிறது.

வீட்டிலும் இதே நியதிதான். நிலைப்பதிவு காப்புப் பிரதியாகாது. வன்தட்டு பழுதானால் மெய்நிகர்க் கணினியும், அதன் நிலைப்பதிவும், தந்தையாரின் கணக்கும் ஒன்றாகவே போய்விடும். வேறொரு தட்டிலே ஒரு பிரதியும், வேறோர் இடத்தில் இன்னொன்றும் இருத்தல் வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை கணினியைத் தொட்டாற் குலைந்துவிடும் என்று அஞ்சி அவனைத் தடுத்து வையாதீர்கள். முதலில் கணக்குகளை வேறொரு தட்டிற் பிரதி செய்து அலுமாரியிலே வைத்துவிட்டு, அவனுக்கென்று ஒரு மெய்நிகர்க் கணினியை அமைக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் பங்கினுள்ளே எதையும் உடைத்துப் பாருங்கள், திருத்தியும் பாருங்கள். ஆனால், கிணறு எல்லோருக்கும் பொதுவானது என்பதை நினைவில் வைத்திருங்கள்.