நிறையாத செப்டிக் டேங்க்

"எங்க வீட்டு டேங்க் கட்டி இருபது வருசம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை" என்று பெருமைப்படுகிறவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். கட்டிய மேஸ்திரிக்குத்தான் பாராட்டு. உண்மையில் ஒழுங்காகக் கட்டிய டேங்க்கில் கசடு சேர்ந்தே தீரும். சேரவில்லை என்றால் அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருக்கலாம், சுவர் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது கழிவு அப்படியே தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

உள்ளே நடப்பது

கனமான கழிவு அடியில் படியும்; எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அடிக்கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். நடுவில் நிற்கும் நீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகவேண்டும். அந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் அதில் இருக்கலாம். மிச்ச வேலையை மண்தான் செய்கிறது.

அதனால்தான் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஏறக்குறைய 60 அடி. ஒரு கிரவுண்டு மனையின் நீளமே பெரும்பாலும் 60 அடிதான்! நம் குழியிலிருந்து நம் கிணறு தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டு போர் பத்தடியில் இருக்கும். அளவு நாடா பிடித்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

பழுதின் அறிகுறிகள்

தரைத்தள டாய்லெட்டில் தண்ணீர் மெதுவாக இறங்கும். ஊற்றினால் 'குளுக் குளுக்' என்று சத்தம் வரும். மழை பெய்தால் கழிவு எதிர்த்து ஏறும். உறிஞ்சு குழியைச் சுற்றிக் கோடையிலும் புல் தழைத்து நிற்கும், மண் சொதசொதக்கும். கிணற்று நீர் நாறினால் உடனே குடிப்பதை நிறுத்துங்கள். ஆனால் நாறவில்லை என்பதை நம்பிவிடக் கூடாது, கிருமிக்கு வாசனை கிடையாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மாலையில் கொசு திடீரென்று பெருகினால் காற்றுப்போக்கிக் குழாயின் வாயைப் பாருங்கள். வலை கிழிந்திருக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்தக் கழிவுநீர்தான் பிடித்த இடம். வலைக்கு ஆகும் செலவு சொற்பம்.

பராமரிப்பு

இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடெடுங்கள். அடியில் கொஞ்சம் பழைய கசடு தங்கட்டும். பாக்டீரியாவுக்கு அதுவே உறைமோர். இதற்கென்று பாக்கெட்டில் விற்கும் பொடிகள் தேவையில்லை, வேண்டிய பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது. ஆசிட், பினாயிலைக் குடம் குடமாக ஊற்றினால் அவை செத்துப்போகும். நாப்கின், டயப்பர், மிஞ்சிய எண்ணெய் எதுவும் டாய்லெட்டுக்குள் போகக் கூடாது. வாஷிங் மெஷின் தண்ணீரைத் தனியாக விடுவது நல்லது. மொத்தமாக வந்து விழும்போது படியாத கசடையும் வெளியே தள்ளிவிடும்.

போர்ட்டிகோ போடும்போது மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. லாரி வரும் நாளில் மூடியைத் தேடித் தரையை உடைக்கவேண்டியதுதான்.

யாரையும் இறக்காதீர்கள்

மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்ப்பதும், தீக்குச்சி கிழிப்பதும் ஆபத்து. மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் அடுத்தடுத்து இறந்த செய்திகள் நமக்குப் புதிதல்ல. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலை வாங்கிய வீட்டுக்காரருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உள்ளாட்சியில் உரிமம் பெற்ற லாரிதானா என்று கேளுங்கள். எடுத்த கசடை எங்கே கொட்டுவார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஏரிக்கரையில் கொட்டினால் அது சுற்றிச் சுற்றி நம் போர் தண்ணீருக்கே வந்து சேரும்.