தறிப்பட்டறையில் முளைத்த தொழில் வல்லமை

இரண்டாம் உலகப் போரில் நகரங்களும் ஆலைகளும் நொறுங்கி, 1945இல் சரணடைந்த ஜப்பான், 1950களின் நடுவிலிருந்து 1973 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வளர்ந்ததைப் பலரும் பொருளாதார அற்புதம் என்றே குறிப்பிடுகின்றனர். ஆனால் அதன் வேர், பட்டு நெசவூரான ஆரணியின் நெசவாளர் நன்கறிந்த பட்டிலும் தறியிலும் இருக்கிறது. 1872இல் அந்நாட்டு அரசு டோமியோக்காவில் பட்டுநூல் ஆலையை நிறுவியது; 1930களின் தொடக்கம் வரை கச்சாப் பட்டே அந்நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றாக இருந்து, இயந்திரங்கள் வாங்கத் தேவையான அந்நியச் செலாவணியை, அதாவது வெளிநாட்டுப் பணத்தை, ஈட்டித் தந்தது.

பட்டுச் சேலையின் பாவில், அதாவது நீளவாக்கில், ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று அறுந்தாலும் ஆரணி நெசவாளர் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடிப் பிணைத்த பின்னரே குறுக்கிழை செலுத்தும் நாடாவை மீண்டும் ஓட்டுவார். நெசவாளரின் கண் செய்யும் இந்த வேலையைச் சகிச்சி டொயோடா 1924இல் இயந்திரத்திடமே ஒப்படைத்தார்: பாவு இழை அறுந்த கணமே அவருடைய தானியங்கித் தறி நின்றுவிடும். அதனால் ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. அந்தத் தறி நிறுவனத்துக்குள்ளேயே அவருடைய மகன் கீச்சிரோ தொடங்கிய மோட்டார் பிரிவுதான் 1937இல் டொயோட்டா கார் நிறுவனமாகத் தனித்தெழுந்தது. பழுது கண்டால் வேலையை உடனே நிறுத்துவது என்ற தறியின் நெறி, கார் ஆலையின் நெறியுமாயிற்று. ஹமமட்சுவில் 1909இல் தறி செய்யத் தொடங்கிய சுசுகி நிறுவனமும் 1955இல் கார் தயாரித்தது.

இந்தக் கைத்திறன் மட்டுமே போதுமானதாக இருக்கவில்லை. போருக்குப் பின் திவாலாகும் நிலைக்குத் தள்ளப்பட்ட டொயோட்டாவை, 1950இல் மூண்ட கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் வாங்கிய லாரிகளே கரையேற்றின. நிலச் சீர்திருத்தம், குடும்பங்களின் சேமிப்பு, ஒரு டாலருக்கு 360 யென் என்ற நிலையான மாற்று விகிதம் ஆகியவையும் கைகொடுத்தன. பத்தாண்டுகளில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்கப் பிரதமர் இகேடா 1960இல் வகுத்த இலக்கு, காலத்துக்கு முன்பே எட்டப்பட்டது. மினமாட்டா கடலோர மக்கள் ஆலைக்கழிவுப் பாதரசத்தால் நரம்பு நோயுற்றதும் இதே காலத்தில்தான். அந்தக் கொடிய விலையைச் சொல்லாமல் இவ்வளர்ச்சியைப் புகழ்வது நியாயமன்று.

ஆரணியில் கைத்திறனுக்குக் குறைவில்லை. எனினும் பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நெய்பவர் பெரும்பாலும் சேலைக்கு இவ்வளவு என்ற கூலியில் நின்றுவிடுகிறார். ஜப்பானில் தறியைத் திருத்தியவரே ஆலை முதலாளியாகவும் ஆக முடிந்தது. இங்கோ தறியில் அமர்ந்தவரின் நுட்பம், அவருக்கு முதலாக மாறும் வழி இன்னும் அமையவில்லை.